தமிழகக் கேபிள் தொலைக்காட்சி: போட்டி இல்லாத சந்தை

தமிழ்நாட்டில் கேபிள் தொலைக்காட்சி தெருத் தெருவாகப் பிரிந்துகிடக்கும் தொழில். பெரும்பாலும் ஒரு தெருவுக்கு ஒரே ஆபரேட்டர்தான். அதே வீடுகளுக்கு இன்னொருவர் கேபிள் இழுப்பது கட்டுப்படியாகாது. இந்த ஆபரேட்டர்களுக்கு அலைவரிசைகளைத் தொகுத்து வழங்குவதில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் நீண்டகாலம் மேலோங்கியிருந்தது.

2007இல் கருணாநிதி குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு ஏற்பட்ட பின்னரே திமுக ஆட்சி அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது. 2008 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டதும் அந்த ஆர்வம் தணிந்தது. 2011 செப்டம்பரில் அதற்கு மறுபடி உயிரூட்டிய ஜெயலலிதா, மாதக் கட்டணத்தை 70 ரூபாயாக நிர்ணயித்தார். வீடுகளுக்குச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் தொடக்கத்தில் சன் அலைவரிசைகள் அதில் இடம்பெறவில்லை. அவற்றை விரும்பிய அரசு கேபிள் வாடிக்கையாளர், கூரையில் டிஷ் ஆன்டெனா பொருத்தி, இரண்டாவது கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது.