காந்தச் சுருளும் காவிரிக்கரைத் தந்தி வாத்தியங்களும்

சோழ மண்டலத்து இசையை ஆராயப் புகுந்தோர் சாகித்தியத்தையும் ராகலக்ஷணத்தையும் வித்துவான்களின் சிஷ்ய பரம்பரையையும் விரிவாக எடுத்துரைத்திருக்கின்றனர். ஆயினும் ஒரு வாத்தியத்தின் நாதம் எவ்வழியாகச் சபையின் கடைசி வரிசைக்குச் சென்று சேர்ந்தது என்னும் வினா, வரலாற்றில் அதற்குரிய இடத்தை இன்னும் பெறவில்லை. முன்பு தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்து இப்போது திருவாரூர் மாவட்டத்தில் அடங்கும் வலங்கைமான் போன்ற ஊர்களில் இவ்வினா எழாததற்குத் தக்க காரணம் உண்டு. தவில் வித்துவான் சண்முகசுந்தரத்தின் பெயரோடு சேர்ந்து வழங்கும் பெருமை பெற்ற இவ்வூரில், இசை என்பது கோயில் வீதியில் திறந்த வெளியில் முழங்கும் நாகஸ்வரமும் தவிலும் ஆகும். அவை ஒலிபெருக்கியின் துணையை ஒருபோதும் வேண்டியவை அல்ல. வீணையின் நிலை வேறு. அது அரண்மனையிலும் வீட்டுக் கூடத்திலும் வளர்ந்த வாத்தியம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுக்களும் நிலையாக அமைந்த வடிவத்தைப் பெற்றதாகக் கூறப்படும் அது, தனக்கு முன்னே அமர்ந்திருக்கும் சில ரசிகர்களுக்கென்றே ஒலித்தது. சங்கீதம் சபாக்களுக்குச் சென்று, ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில் வாசிக்க நேர்ந்தபோதுதான் அதன் குரலின் சிறுமை ஒரு குறையாகத் தோன்றிற்று.

இதே குறையைக் கடலுக்கு அப்பால் கிதார் வாத்தியக்காரர்களும் அநுபவித்தனர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து ஜார்ஜ் பீச்சம் என்பவர், கிதாரை மடியில் கிடத்தி உலோகத் துண்டைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறையில் பயின்றவர். பித்தளைக் குழல்களும் முரசும் சூழ்ந்த கோஷ்டியில் தம் வாத்தியம் செவிப்படாமற் போவதைக் கண்டு வருந்தி, 1931ஆம் ஆண்டில் ஒரு மாதிரிக் கருவியை உருவாக்கினார். இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து நிற்க, அவற்றின் கீழே செப்புக்கம்பிச் சுருள் ஒன்று வைக்கப்பட்டது. எஃகுத் தந்தி அசையும்போது காந்தப் புலம் மாறுகிறது. அம்மாறுதலால் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவம் அது. அச்சுருளைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு பீச்சம் சுற்றினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. உற்பத்தியாளர் அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு கூடி அவர் 1932இல் விற்பனைக்குக் கொணர்ந்த அலுமினிய வாத்தியம், வட்டவடிவும் நீண்ட கழுத்தும் உடையதாயிருந்தமையால் வாணலி என்றே பெயர் பெற்றது. 1934இல் அவர் அளித்த விண்ணப்பத்துக்குக் காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது.

இவ்விடத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளன் ஒருவன் சற்று நின்று நோக்க வேண்டும். காந்தச் சுருள் முதன்முதலில் பொருத்தப்பட்டது மெட்டின்மேல் விரல் பதித்து வாசிக்கும் கிதாரில் அன்று, வழுக்கி வாசிக்கும் கிதாரில். அவ்வாறு வழுக்கி வாசிக்கும் நம்முடைய வாத்தியம் கோட்டுவாத்தியம். அதனை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய சகாராம ராவ் வாழ்ந்த திருவிடைமருதூர், வலங்கைமானிலிருந்து கும்பகோணத்தைக் கடந்தால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. வாய்ப்பாட்டு வித்துவான் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் அவரிடம் பயின்றார் என்பதை எண்ணும்போது, கோட்டுவாத்தியத்தின் இடையறாத கமகம் வாய்ப்பாட்டிலும் எத்தகைய பயனை விளைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஒரே விதமான வாசிப்பு முறை உலகின் இரு கோடிகளில் இருந்தும், மின்சாரம் அவற்றுள் ஒன்றை மட்டுமே முதலில் நாடிற்று.

மின்சாரக் காந்தச் சுருள் கர்நாடக சங்கீத மேடையில் முழு வெற்றியோடு நிலைபெற்றது வீணையின் வழியாக அன்று, மேனாட்டிலிருந்து வந்த மாண்டலின் வழியாகவே. பாலகொல்லுவில் 1969இல் பிறந்து 2014இல் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாய் எட்டுத் தந்திகள் கட்டும் வழக்கத்தை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்தைக் கொண்ட மின் மாண்டலினில் கமகங்களை வெளிப்படுத்தியபோது, இவ்வாத்தியத்தில் ராகபாவம் இயலுமோ என்ற சந்தேகம் ஒழிந்தது. வீணையோ பெரும்பாலும் காந்தச் சுருளை விட்டு, மரத்தின்மேல் ஒட்டி வைக்கும் காண்டாக்ட் மைக்கையே மேற்கொண்டது. இவ்வேற்றுமையைச் சம்பிரதாயப் பற்று என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது சரியான விடை என்று எனக்குத் தோன்றவில்லை. வீணையில் வாசிப்பதற்குரிய தந்திகள் நான்கில் சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அநுமந்தரமும் சம்பிரதாயமாகப் பித்தளை. காந்தம் எஃகைத்தான் அறியும். பித்தளையின் அசைவு அதற்குப் புலப்படுவதில்லை. காந்தமும் சுருளும் சேர்ந்த பழைய அமெரிக்கப் பிக்கப் ஒன்றைக் கொணர்ந்து வீணையின் குதிரைக்கு அருகே பொருத்தினால், மேல்ஸ்தாயி முழங்கும், கீழ்ஸ்தாயி ஊமையாகும். மாண்டலினிலும் மின் கிதாரிலும் எல்லாத் தந்திகளிலும் எஃகு இருந்தமையால் இத்தடை அவற்றுக்கு நேரவில்லை.

இனி, பழைய பிக்கப்பைக் கையால் மீண்டும் செய்யும் தொழிலைக் காண்போம். 1950களில் அமெரிக்க ஃபெண்டர் நிறுவனம் செய்த கிதார்ப் பிக்கப்பில் சுற்றப்பட்ட 42ஆம் எண் செப்புக்கம்பியின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு, அதாவது தலைமயிரின் பருமன். அதனை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றுதல் வேண்டும். முடிவில் அதன் மின்தடை 6,000 ஓம் அளவில் நிற்கும். இயந்திரம் கம்பியை வரிசை பிறழாமல் அடுக்குகிறது. கைவிரல் கம்பியை நடத்தும்போது அது குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து அடுக்குகளுக்கிடையே இடைவெளி விடுகிறது. அவ்விடைவெளியால் சுருளின் மின்தேக்கம் குறைந்து, மேல் ஸ்வரங்களின் தெளிவு மிகுகிறது என்பது இத்தொழிலாளரின் கொள்கை. பழைய பிக்கப் இரண்டு ஒரே அளவில் ஒலிக்காமைக்கும், அவற்றைப் போலவே செய்வது கடினமானதற்கும் இதுவே முதற்காரணம். அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த ஆல்னிகோ காந்தம் வேறு காந்தங்களின் அருகாமையாலும் வெப்பத்தாலும் வலிமை குன்றக்கூடுமாதலின், பழமையை நாடுவோர் புதுக் காந்தத்தின் சக்தியைச் சிறிது குறைத்தே அமைக்கின்றனர்.

சுற்றி முடித்த சுருளை உருக்கிய மெழுகில் ஆழ்த்துதல் அடுத்த கிரியை. பாரபினோடு தேன்மெழுகைக் கலந்து, அது கம்பிகளுக்கிடையே புகும்வரை இளஞ்சூட்டில் வைத்திருப்பர். தளர்ந்த கம்பி தானும் அதிர்ந்து, ஒலிபெருக்கியின் முன் கீச்சிடும் என்பதால் இது செய்யப்படுகிறது. தஞ்சையில் வீணை செய்வோர் மெட்டுக்களை நிறுத்துவதும் தேன்மெழுகு சேர்ந்த கரிய மெழுகிலேயே. மெட்டின் இடத்தைச் செவியால் சோதித்து மெழுகில் பதிக்கும் அத்தொழிலறிவு உடையவருக்குச் சுருளின் மெழுகுபதம் அந்நியமாயிராது. நெல்வயல்களின் பம்புசெட்டு மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தரும் தொழிலாளர் இப்பிரதேசத்தில் ஊர்தோறும் உண்டு. அவர்கள் கையாளும் கம்பி பன்மடங்கு பருமனாயினும், சுற்றுக்களை எண்ணி இழுவிசை மாறாமல் கட்டும் பயிற்சி அவர்களிடம் இருக்கிறது. இவ்விரு தொழிலும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆனால் பழையதை அப்படியே படியெடுத்தல் வீணைக்குப் பொருந்தாது. ஒற்றைச் சுருள் நம் மின்சாரத்தின் விநாடிக்கு 50 சுழற்சியையும் அதன் மடங்குகளையும் உறிஞ்சி இடைவிடாது முரலும். அந்த 50 சுழற்சி, ஐந்து கட்டைக்குச் சற்றே மேலான ஸ்தானம். ஒரு கட்டையில் சேர்த்த தம்பூராவோடு அது விலகிய பஞ்சமமாய் நிற்கும். மூன்று கட்டையில் சேர்த்த வீணையோடு சாதாரண காந்தாரத்தின் அருகே விழும். அந்தர காந்தாரம் பயிலும் கல்யாணியிலும் சங்கராபரணத்திலும் அது எத்துணை இடையூறு என்பதை விளக்க வேண்டுவதில்லை; மேனாட்டார் இரைச்சல் என்று பொறுத்துக்கொள்வது நமக்குச் சுருதி தோஷமாகிறது. 1955இல் கிப்ஸன் நிறுவனத்தின் ஸெத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையில், எதிர்முகமான காந்தங்களோடு கூடிய இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து முரலலை ஒழித்தலே இங்கு ஏற்றது.

இரண்டாவது இடர்ப்பாடு கமகத்தால் வருவது. ஃபெண்டர் முறையில் ஒவ்வொரு தந்தியின் கீழும் தனித்தனிக் காந்தக் கோல் நிற்கும். வீணையிலோ ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சில ஸ்வரங்களை வருவிக்கிறோம். குதிரையை நெருங்குமளவில் விலகல் குறையுமாயினும், தந்தி தன் கோலை விட்டு நகர்வதால் இழுப்பின் உச்சியில் ஒலி மெலியக்கூடும். கமகத்தின் உயிர்நிலை அவ்வுச்சிதான். இதற்கு 1936இல் கிப்ஸன் தன் இ.எஸ்.150 கிதாரில் வைத்த பழைய அமைப்பே உகந்தது: எல்லாத் தந்திகளின் கீழும் ஒரே எஃகுத் தகடு நீண்டு கிடப்பதால் தந்தி எப்பக்கம் சென்றாலும் அதன் ஆட்சிக்குள் இருக்கும். கிதார் வாத்தியக்காரர் சார்லி கிறிஸ்டியன் வாசித்ததால் அவர் பெயராலேயே அறியப்படும் அச்சுருள், அவருக்காகவன்றி வீணைக்காகவே செய்யப்பட்டதோ என்று கருதுமளவுக்கு நம் தேவைக்கு இசைகிறது.

காந்தச் சுருள் தந்தியை மட்டுமே கேட்கும், பலாக்குடத்தைக் கேளாது என்னும் ஆக்ஷேபம் மெய்யானதே. ஆகவே காண்டாக்ட் மைக்கை அகற்றாமல் இரண்டையும் கலந்து கொள்ளுதலே தக்கது. தகட்டைச் செதுக்குவதற்கு முன்னும் கம்பியைத் தொடுவதற்கு முன்னும் தீர்க்க வேண்டியது மந்தர, அநுமந்தரத் தந்திகளின் உலோகம். எஃகு நரம்பின்மேல் பித்தளையோ செம்போ சுற்றிய தந்தியை வித்துவான்கள் பல வாரம் வாசித்து, அதன் நாதம் தமக்கு ஏற்புடையது என்று சொன்ன பிறகே, சுருளின் சுற்று எத்தனை என்று கணக்கிடத் தொடங்குவது முறை.