சிவப்பு ஜமக்காளம்

ஜமக்காளம் என்பது தடித்த பருத்தி நூலால் கைத்தறியில் நெய்யப்படும் தரைவிரிப்பு ஆகும். பேச்சுவழக்கில் இதைச் சமுக்காளம் என்றும் கூறுவர். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வீடுகளில் இன்று பலவகை விரிப்புகள் இடம்பெறுகின்றன. நைலான் விரிப்புகள் பரவுவதற்கு முன்பு கொலு, வளைகாப்பு, நிச்சயதார்த்தம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு உறவினர் அமர விரிக்கப்பட்டது பெரும்பாலும் ஜமக்காளமே.

ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானியாறும் கூடும் இடத்தில் உள்ள பவானி நகரம் இதற்குப் புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத்துணிகளின் போட்டியால் கைத்தறி நெசவு நலிந்தது. அந்நிலையில் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினர். இதுவே பவானி ஜமக்காளத்தின் தொடக்கமாகக் கூறப்படுகிறது.

சிவப்பு நிறத்துக்கும் தனி வரலாறு உண்டு. சோழமண்டலக் கரையில் இம்பூறல் செடியின் வேரிலிருந்து துணிகளுக்குச் சிவப்புச் சாயம் எடுக்கப்பட்டது. இவ்வேர் சாயவேர் எனப்படும். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபே, லீபர்மன் ஆகியோர் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். மலிவான செயற்கைச் சாயங்கள் வந்தபின் வேர்ச்சாயத் தொழில் படிப்படியாக மறைந்தது.

பவானியில் ஜமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுகிறது. தடித்த ஊடை நூல் பாவு நூலை மூடிவிடுவதால் சிவப்பு, நீலம், பச்சை போன்ற நிறங்கள் பட்டைகளாக அமைகின்றன. பட்டை ஜமக்காளத்தை இருபுறமும் விரிக்கலாம். செயற்கைப் பட்டு நூலால் கரை வேலைப்பாடு செய்த வகையும் உண்டு.

வீட்டுக்குத் தேர்ந்தெடுக்கும்போது தரையின் நிறத்தை முதலில் கருத வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புக் காவித் தரையில் முழுச் சிவப்பு விரிப்பு எடுபடாது. நீலமோ பச்சையோ கலந்த பட்டை எடுப்பாகத் தெரியும். வெளிர்நிறத் தரைக்கு அடர் சிவப்பு பொருந்தும். ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று அறியலாம். முதல் சில முறை தனியாக அலசி, நிழலில் உலர்த்துவது நல்லது.

ஆலைத்துணியின் போட்டிக்கிடையே உருவான இத்தொழிலுக்கு இன்று விசைத்தறி போட்டியாகிவிட்டது. ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் மைய அரசு சட்டம் இயற்றியது. 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் விசைத்தறி விரிப்புகள் பவானியின் பெயரில் விற்கப்படுவதாக நெசவாளர்கள் தொடர்ந்து முறையிட்டு வருகின்றனர். விலை குறைந்த அவ்விரிப்புகளோடு போட்டியிட முடியாமல் பலர் தறியை விட்டு வேறு வேலைக்குச் சென்றுவிட்டனர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலோ, 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் கடைகளிலோ கேட்டு வாங்கினால், கொடுக்கும் விலையில் ஒரு பங்கு தறியில் அமர்ந்தவருக்குச் சேரும்.