வேதப்பணியும் வழக்காடலும்: வெங்கல் சக்கரைச் செட்டியாரின் வாழ்வு

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தே அமைந்த நல்லதண்ணி, பல சமயத்தவரும் நடந்து சென்ற வழியின் வாயிலாகும். யாத்திரைக் காலத்தில் மஸ்கெலியா வழியாக மலையேறுவோர், பௌத்தர், இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி இவ்வூரைக் கடந்து செல்வர். அவ்வழியை அடுத்துள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் மூதாதையர், பழைய சென்னை மாகாணத்தின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் வந்தோராவர்.

மலையகத்தில் இம்மக்களிடையே கிறிஸ்தவ சமயப் பணி 1854 ஆம் ஆண்டில் ஓர் ஒழுங்கான அமைப்பாக உருப்பெற்றது. தோட்டத் துரைமாரின் பொருளுதவியோடு தொடங்கிய அவ்வமைப்பு 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர் பெற்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து போதித்தனர்; பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். பின்னாளில் 'கூலி' என்ற சொல் நீங்கி அது 'தமிழ்த் திருச்சபை மிஷன்' ஆயிற்று. ஆயினும், பெயரில் நீங்கிய சொல் வாழ்விலும் நீங்கிற்றா என்னும் வினா எஞ்சியே நின்றது. துரையின் நன்கொடையால் நடைபெறும் பணி, துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே வழக்கு எழுமிடத்து யார் பக்கம் நின்று பேசும்? ஆன்மாவைப் பற்றிப் பேசும் போதகர், சம்பளத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசலாகுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஒருவர், அம்மக்களின் பூர்வீக மாகாணத்தின் தலைநகரில் வாழ்ந்தார். போதகராகவும் சட்டத்தரணியாகவும் விளங்கிய வெங்கல் சக்கரைச் செட்டியாரே அவர்.

சக்கரை 1880 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் நாள் சென்னையில் ஓர் இந்துச் செட்டியார் குடும்பத்திற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றார். அக்கல்லூரியின் புகழ்பெற்ற அதிபரான வில்லியம் மில்லரின் செல்வாக்கு அவர்மீது ஆழமாகப் படிந்தது. சிலுவையில் இயேசு கைவிடப்பட்டவராய்க் கதறிய அந்த வேளையே இளைஞரான சக்கரையின் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது. 1903 ஆம் ஆண்டில் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

கல்லூரிக் கல்வியின் பின் சென்னைச் சட்டக் கல்லூரியிற் பயின்று வழக்காடும் தொழிலில் இறங்கினார். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே தரத்தக்க தொழில் அது. ஆயினும், 1913 ஆம் ஆண்டில் டேனிஷ் மிஷனில் நற்செய்திப் பணியாளராகச் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணியில் உழைத்தார். குருப்பட்டம் பெறாமல், பொதுநிலையினராகவே நின்று போதித்தமை குறிப்பிடத்தக்கது. திருச்சபை என்பது பதவிகளின் அடுக்கன்று என்ற அவரது கருத்துக்கு அவரது நிலையே சான்றாயிற்று.

அவரது சமயச் சிந்தனையின் சாரத்தை ஈண்டு சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1920 களின் பிற்பகுதியில் வெளிவந்த அவரது ஆங்கில நூல், இயேசுவை அவதாரமாகக் காண்கின்றது. 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு நூல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் ஒருசேர ஆராய்கின்றது. இந்து மரபில் அவதாரங்கள் குறித்ததொரு காரியத்தின் பொருட்டுத் தோன்றி, அது முடிந்ததும் மறைவன. இயேசுவின் அவதாரமோ முடிவுறாதது, அவர் ஆவியின் வடிவில் இன்றும் மனிதரிடையே செயற்படுகின்றார் என்பது சக்கரையின் துணிபு. அவதாரம் என்ற சொல் இந்நாட்டுப் பாமரரும் அறிந்த சொல். அந்நிய நாட்டுத் தத்துவச் சொற்களைக் கடன் வாங்காமல், மக்கள் அறிந்த சொல்லைக் கொண்டே தம் விசுவாசத்தை அவர் விளக்க முற்பட்டார். கிறிஸ்தவனாவதற்குத் தன் நாட்டையும் பண்பாட்டையும் ஒருவன் துறக்க வேண்டியதில்லை என்பதே இதன் உட்கிடை.

இக்கொள்கை நூலளவில் நின்றுவிடவில்லை. 'கிறிஸ்டியன் பேட்ரியட்' என்னும் ஆங்கில வார ஏட்டின் ஆசிரியராகவும் அவர் விளங்கினார். மிஷன்களை அண்டி வாழ்ந்த இந்தியக் கிறிஸ்தவருட் பலர் ஆங்கில ஆட்சியை எதிர்க்கத் தயங்கிய அக்காலத்தில், அவர் தேசிய இயக்கத்தையும் காந்தியடிகளின் ஒத்துழையாமையையும் ஆதரித்தார். அவருடைய மைத்துனரான பி. செஞ்சையாவும் சட்டம் பயின்றவர். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றியவர். 1938 ஆம் ஆண்டு தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபொழுது, இவ்விருவரும் நண்பர் சிலரும் சேர்ந்து இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்தும் கட்டுரைத் தொகுதியொன்றை வெளியிட்டனர். மேலைநாட்டார் வகுத்த திருச்சபை அமைப்பையே நற்செய்தியாக எண்ணி மயங்கலாகாது என்பது அதன் வாதம். நீதிமன்றத்திற் பயின்ற வாதத்திறன், திருச்சபையின் முன்னிலையிலும் துணிவோடு ஒலித்தது எனலாம்.

அவரது வாழ்வின் மற்றொரு பகுதி தொழிலாளர் இயக்கமாகும். 1918 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரை மையமாகக் கொண்டு எழுந்த அவ்வியக்கத்தில், திரு.வி.க., சிங்காரவேலர் முதலியோரோடு சக்கரைச் செட்டியாரும் தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். 1941–42 ஆம் ஆண்டில், போர்க் காலத்திலே, சென்னை மாநகர மேயராக இருந்தார். 1950 களில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவரானார். கடவுள் நம்பிக்கையற்றோர் பலர் முன்னின்ற ஓர் அமைப்பு, விசுவாசம் மிக்க கிறிஸ்தவர் ஒருவரைத் தன் தலைவராகக் கொண்டமை வியப்பிற்குரியது. 1958 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் அவர் காலமானார்.

சென்னையில் ஆலைத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த 1921 ஆம் ஆண்டிலேதான், இலங்கைத் தோட்டத் தொழிலாளரைக் கடனாற் கட்டி வைத்த துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் தோட்டத்தில் சங்கம் அமைவதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1940 ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அவர்களுள் இறுதியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. இந்நீண்ட காலம் முழுவதும் மலையக மக்களுக்கு வேண்டியிருந்தவர், அவர்களுக்காக வழக்குரைக்கும் ஒருவரே.

சக்கரைச் செட்டியாரின் சிறப்பு இவ்விடத்திலேயே புலனாகின்றது. இறையியற் கல்லூரிகளில் அவர் அவதாரக் கோட்பாட்டின் ஆசிரியராக அறியப்படுகின்றார்; தொழிற்சங்க வரலாறுகளில் தலைவர்களின் வரிசையில் ஒரு பெயராக இடம்பெறுகின்றார். ஒரு சாரார் தொழிலாளர் தலைவரை மறந்தனர். மறு சாரார் போதகரை மறந்தனர். இவ்வாறு இரண்டாகப் பிளந்த நினைவு அவருக்கு நீதி செய்வதாகாது. இயேசுவின் அவதாரம் இன்றும் தொடர்கின்றதெனின், அது கோயிலுக்குள் மட்டுமன்றி ஆலை வாயிலிலும் தொடர வேண்டும். கைவிடப்பட்டவராய்க் கதறிய ஒருவரை இறைவனாக வணங்குவோர், கைவிடப்பட்ட மக்களின் கதறலுக்குச் செவிமடுக்காதிருத்தல் இயலாது. இவ்வாறு நோக்குமிடத்து, போதித்தலும் வழக்காடுதலும் அவருக்கு இரு தொழில்கள் அல்ல. பேச வாய்ப்பற்றவர்க்காகப் பேசுதல் என்னும் ஒரே பணியின் இரு துறைகளே அவை.

மலையகத்தின் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் எத்தனை ஆலயங்கள் எழுந்தன, எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று கணக்கிடுதல் வழக்கம். கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி, எச்சமயப் பணிக்கும் பொருந்தும் வேறோர் அளவுகோலைச் சக்கரைச் செட்டியாரின் வாழ்வு தருகின்றது. தொழிலாளியின் வழக்கு எழுந்தபோது யார் எழுந்து நின்று பேசினர் என்பதே அவ்வளவுகோல். மலையக வரலாறு அவ்வளவுகோலைக் கொண்டும் எழுதப்படல் வேண்டும்.