ஹரிஸ் பார்க்கில் வாடகைக்கு: இளையோருக்கான கணக்கு

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில், பரமட்டாவுக்கு ஒரு நிலையம் முன்பாக உள்ளது ஹரிஸ் பார்க். முதல் வேலை கிடைத்த எமது பிள்ளைகள் பலர் இங்கே வீடு தேடுகிறார்கள். பரமட்டா அலுவலகங்களுக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து நகருக்கு விரைவுப் புகையிரதமும் உண்டு. விக்ரம் வீதியில் இந்தியக் கடைகள் நிறைய. எங்கள் ஊர்ச் சாமான்களுக்கு வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் போகவேண்டும். அங்குள்ள வாடகையோடு புகையிரதச் செலவையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி பொண்ட் 4 வார வாடகையைத் தாண்டக்கூடாது. அப்பணம் வீட்டுக்காரரிடம் அல்ல, அரசிடம் வைப்பில் இருக்கவேண்டும். 12 மாதத்தில் ஒருமுறைதான் வாடகையைக் கூட்டலாம். 2025 மே 19 முதல், காரணமின்றி எழுப்பவும் முடியாது.

அறை பகிர்வோர் கவனிக்க: எழுத்து ஒப்பந்தமின்றி, முதன்மைக் குடியிருப்பாளரிடம் காசாகக் கொடுத்தால் இப்பாதுகாப்பு கிடைக்காமற் போகலாம். ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். வீட்டு நிலை அறிக்கையை 7 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுத்து, படங்களும் எடுத்து வையுங்கள்.

தற்காலிக விசாவில் இருப்போருக்கும் இச்சட்டம் பொருந்தும். விசாவைச் சொல்லி மிரட்டினால் அடங்கிப் போகவேண்டாம். குடியிருப்பாளர் ஆலோசனைச் சேவை இலவசம். தமிழில் பேச 131 450 மூலம் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.