காற்றாலைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?

சில வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதும் பேரன் வேன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். "தாத்தா, எண்ணவே முடியல!" என்றான். முப்பந்தல் வந்திருந்தது. பார்த்த பக்கமெல்லாம் காற்றாலைகள்.

டீ குடிக்க இறங்கினோம். கடைக்காரரிடம், "ராத்திரி தூக்கம் வருதாய்யா?" என்று கேட்டேன். "பழகிப்போச்சு சார். இந்த மாசத்துல காத்துச் சத்தம் எது, மெஷின் சத்தம் எதுன்னே தெரியாது" என்றார். வீட்டிலிருந்து இத்தனை தூரம் தள்ளி நிறுத்த வேண்டும் என்று விதி உண்டா என்றேன். "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார். ஆபீஸில் காலமெல்லாம் கோப்பு புரட்டிய எனக்கு அது சுருக்கென்றது. ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சரித்திர வகுப்பில் அந்த நாட்டுக் காற்றாலைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பல ஊர்களில் ஆலை ஜமீன்தாருக்குச் சொந்தம். குடியானவன் தன் கோதுமையை அங்கேதான் அரைக்க வேண்டும், அதில் ஒரு பங்கை கூலியாகக் கொடுக்க வேண்டும். 1789-இல் தொடங்கிய புரட்சியில்தான் அந்த உரிமை ஒழிந்தது. ஆக, ஆலையைப் பற்றிய பழைய விதி ஆலைக்காரனின் வருமானத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரன் அதில் இல்லை.

நம் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக்காகக் காற்றாலைகள் நிறுவினார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் சுமார் 15 மீட்டர். 1990-களில் வருமான வரிச் சலுகை கிடைத்ததும் தனியார் கம்பெனிகள் முப்பந்தலுக்கும் கயத்தாற்றுக்கும் வந்து குவிந்தன.

அப்போது அதிகம் பேசப்பட்ட விதி '5 மடங்கு, 7 மடங்கு' என்பது. காற்று வரும் திசைக்குக் குறுக்கே இரண்டு காற்றாலைகளுக்கு நடுவில் விட்டத்தைப்போல் 5 மடங்கும், காற்றுப் போகும் திசையில் 7 மடங்கும் இடைவெளி வேண்டும். முன்னால் இருக்கும் காற்றாலையைத் தாண்டி வரும் காற்று வலுக்குறைந்து, கலங்கிப்போய் வரும். பின்னால் இருப்பதற்கு மின்சாரம் குறையும். அதற்காகத்தான் இந்தக் கணக்கு. 15 மீட்டர் விட்டத்துக்கு 75 மீட்டரும் 105 மீட்டரும். இன்று 120 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைக்கு அதே கணக்கில் 600 மீட்டரும் 840 மீட்டரும். நல்ல விதிதான். ஆனால் அது ஒரு முதலாளியின் காற்றை இன்னொரு முதலாளி பறிக்காமல் காத்த விதி.

வீட்டுக்காரன் தெளிவாக வந்தது 2016 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில். குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது, காரணம் சத்தம். சாலை, ரயில் பாதை, கட்டடங்களுக்கு வேறு கணக்கு: கோபுர உயரம், விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். 100 மீட்டர் கோபுரம், 100 மீட்டர் விட்டம் என்றால் 155 மீட்டர். சாய்ந்தாலும் சாலையில் விழக்கூடாது என்கிற கணக்கு.

பிரான்சிலும் அதே 500 மீட்டர்தான். ஆனால் அங்கே அது 2010-இல் சட்டமாகவே வந்தது. இருக்கிற வீடுகளுக்கு மட்டுமல்ல, ஊர்த் திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கென்று அப்போதே ஒதுக்கியிருந்த நிலத்துக்கும் அந்தத் தூரம் உண்டு. டென்மார்க்கில் மொத்த உயரத்தைப்போல் 4 மடங்கு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2014-இல் 10 மடங்கு என்று சட்டம் போட்டார்கள். 200 மீட்டர் காற்றாலைக்கு 2 கிலோமீட்டர்! புதிய காற்றாலைகள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது, பிறகு தளர்த்தினார்கள். தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் வழியில்லை. 2012-இல் நாம் பட்ட மின்வெட்டை மறக்க முடியுமா? தெற்கே காற்று வீசிய மாதங்களில்தான் இங்கே கொஞ்சம் மூச்சு விட்டோம்.

நெறிமுறைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குமாஸ்தாவுக்குத் தெரியும். ஆரணிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 1985-இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டுப்புடவை கைத்தறிக்கே, விசைத்தறிக்குக் கூடாது என்று கோடு போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 1993-இல் அதை ஏற்றுக்கொண்டது. சட்டமாகவே இருந்தும், நேரில் வந்து பார்த்துச் சோதிக்காத இடத்தில் அந்தக் கோடு என்ன ஆனது என்று நம் நெசவாளர் தெருக்களில் கேட்டால் சொல்வார்கள். அப்படியிருக்க, வெறும் நெறிமுறை எந்த மட்டும்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பழைய சிறிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-இல் தமிழ்நாடு அரசு கொள்கை அறிவித்திருக்கிறது. காற்று நன்றாக வீசும் இடங்களில் பழைய இயந்திரங்கள் நிற்பதால் அது தேவைதான். ஆனால் இந்த முப்பது வருடங்களில் ஊர்களும் வளர்ந்திருக்கின்றன. அன்று 20, 30 மீட்டர் கோபுரத்துக்குப் பக்கத்தில் வெறும் காடாக இருந்த இடத்தில் இன்று வீடு இருக்கலாம். அங்கே 100 மீட்டருக்கு மேல் ஒரு கோபுரம் எழும்பினால்?

கோபுரம் எழும்பிய பிறகு மனு எழுதிப் பயனில்லை. நான் எத்தனையோ மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றியவன். எது தாமதமாக வந்த மனு என்று தேதியைப் பார்த்தாலே தெரியும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே சர்வேயரை அழைத்து, புல வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போட்டு, கிராம சபையில் விரித்துக் காட்ட வேண்டும். அந்த டீக்கடைக்காரரும் அதைப் பார்க்க வேண்டும். தன் வீடு வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்ள அவர் எந்த ஆபீஸுக்கும் போகத் தேவையிருக்காது.