எதுகை வழிச் சொல் தேடல்: சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி

குறித்த எழுத்துகளைக் கொண்ட சொற்கள் யாவை என வினவுதல் இக்காலத்து ஆங்கிலச் சொல்லாட்டங்களில் பெருவழக்காகும். 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கு நாளிதழொன்றில் ஆர்தர் வின் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர் அவ்வினாவை உலகெங்கும் பரப்பிற்று. ஆயின், எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் முயற்சி விளையாட்டின்கண் தோன்றியதன்று. செய்யுள் இயற்றுவோர் தேவையினின்றே அது முதற்கண் எழுந்தது. தமிழில் அம்முயற்சியின் சிறந்த சான்றாக நிற்பது மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டாகும். அதன் பதினோராம் தொகுதியின் அமைப்பு எந்நோக்கம் பற்றியது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் பொருள்.

திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி தமிழ்ச் சமணத்தின் தாயகங்களுள் ஒன்று. தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் இப்பகுதியிலுள்ள மேல்சித்தாமூரில் அமைந்துள்ளது. அவ்வூரின் பார்சுவநாதர் கோயிலும், பாறைப் புடைப்புச் சிற்பங்களையுடைய மல்லிநாதர் கோயிலும் அச்சமயத்தின் தொன்மைக்குச் சான்று பகர்வன. மண்டலபுருடர் திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரினர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. அவர்தம் ஆசிரியராகிய குணபத்திரர் திருநறுங்கொண்டையைச் சார்ந்தவர். விசயநகர வேந்தர் கிருட்டிண தேவராயர் (1509–1529) காலத்தவர் மண்டலபுருடர் என்பர் பலர். அவரை மிக முற்பட்டவராகக் கொள்வாரும் உளர். காலம் எதுவாயினும், நன்னூல் தந்த பவணந்தியார், யாப்பருங்கலக்காரிகை தந்த அமிதசாகரர் முதலாய சமணச் சான்றோரின் இலக்கணப் பணியோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் இவர் என்பதில் ஐயமில்லை.

சூடாமணி, திவாகரத்தைப் போன்றே பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தேவப்பெயர், மக்கட்பெயர் முதலாய முதற் பத்துத் தொகுதிகளும் பொருளினின்று சொல்லுக்குச் செல்வன. மரத்தின் பெயர் வேண்டுவான் மரப்பெயர்த் தொகுதியை நாடுவன். அங்குப் பொருளே அவனுக்கு வழிகாட்டி. பதினோராவதாகிய ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியோ இதற்கு மறுதலை. சொல்லினின்று பொருளுக்குச் செல்வது. ‘கடி’ என்னும் சொற்குரிய பொருள்களை அறிய விழைவானுக்குப் பொருட் பகுப்பு பயன்படாது. அவன் அறிந்தது சொல் ஒன்றே. ஆதலின் அச்சொல்லின் எழுத்தே வழிகாட்டியாதல் வேண்டும். எந்த எழுத்து என்பதே எஞ்சிய வினா.

மண்டலபுருடர் இரண்டாம் எழுத்தைத் தேர்ந்தார். ககர எதுகை முதலாக அத்தொகுதி வகுக்கப்பட்டுள்ளது. அகம், நகம், மகம், யுகம் போன்றவை ஓரிடத்தும், கடி, படி, மடி, நொடி போன்றவை பிறிதோர் இடத்தும் அடங்கும் முறை அது. முன்னைய திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் அமைந்தவை. சூடாமணி விருத்தத்தால் அமைந்தது. விருத்தத்தின் நான்கடியும் எதுகையால் ஒன்றுதல் வேண்டுமாகலின், அடிமுதற்கண் நிற்கும் சொற்கள் இரண்டாம் எழுத்தால் ஒத்தனவாதல் இயல்பு.

‘அங்ஙனமாயின் இவ்வமைப்பு யாப்பின் விளைவேயன்றித் தேடுவான் பொருட்டு வகுத்ததன்று’ எனின், அது பொருந்தாது. யாப்பு வேண்டுவது ஒரு பாட்டினுள் நான்கடியின் ஒற்றுமை ஒன்றையே. ஒரே எதுகையுடைய பாட்டுகளை ஒருங்கு தொகுத்தலையும், அத்தொகைகளை மெய்யெழுத்து முறைப்படி நிரல்பட நிறுத்தலையும் யாப்பு வேண்டுவதில்லை. யாப்பு வேண்டாத இச்செயலை ஆசிரியர் மேற்கொண்டமை, சொல்லை எளிதில் கண்டெடுத்தற்கு ஓர் அடைவு அமைக்க அவர் கருதினார் என்பதனைக் காட்டும். நிகண்டை நெட்டுருச் செய்த மாணாக்கன், ‘நகம்’ என்ற அளவிலே ககர எதுகைக்குத் தன் நினைவைச் செலுத்துவன். ஏட்டைப் புரட்டுதற்கன்றி, நெஞ்சைப் புரட்டுதற்கு ஏற்ற அடைவு இது.

மேலைநாட்டு வரலாறும் இக்கருத்தை வலியுறுத்தும். ஆங்கிலச் செய்யுளின் இயைபு அடியிறுதியில் அமைவது. ஆகவே, 1570இல் பீட்டர் லெவின்சும் 1775இல் சான் வாக்கரும் சொற்களை ஈற்றெழுத்து நோக்கி அடுக்கி நூல் செய்தனர். ஆங்கிலப் புலவனுக்கு ஈறு எவ்வாறோ, தமிழ்ப் புலவனுக்கு இரண்டாம் எழுத்து அவ்வாறு. ஒரு மொழியின் தொடை எங்கு நிற்கின்றதோ அங்கே அதன் சொல்லடைவும் ஊன்றுகின்றது.

முதலெழுத்து அடைவு தமிழில் 1594இல் சிதம்பரம் இரேவணசித்தரின் அகராதி நிகண்டால் நிலைபெற்றது. ஆங்கிலச் சொற்கு ஆங்கிலத்திலேயே பொருளுரைத்த முதல் தனி அகரவரிசை நூல் எனப்படும் இராபர்ட் காட்ரேயின் நூல் 1604இல் வெளிவந்தமை ஒப்புநோக்கத்தக்கது. எனினும், எதுகை அடைவு உடனே மறைந்துவிடவில்லை. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காய் விரிந்தது. அவற்றுள் தொடையகராதி எதுகைச் சொற்களின் அடைவேயாகும். ஆறுமுக நாவலர் 1849இல் சூடாமணி நிகண்டை உரையுடன் அச்சிட்டார். அதன்பின் அகரவரிசையே வென்றது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அனுபந்தமும் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, இலக்கத்திற்கு மேற்பட்ட சொற்களை உடையதாயினும், டகர எதுகைச் சொற்களைத் தருக என்பார்க்கு நேரே விடை தாராது.

இக்காலத்துக் கணிப்பொறி எவ்வெழுத்தைக் கொண்டும் தேடவல்லது. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆங்கில எழுத்து ஒலிக்கூறு. தமிழில் ‘கொ’ என்பது ஓரெழுத்து. கணிப்பொறியின் ஒருங்குறியோ அதனை மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரித்து எண்ணும். மேலும், முதலெழுத்து அளவால் ஒத்திருந்தாலன்றி எதுகை அமையாது. ‘பட்டு’ என்பதற்குப் ‘பாட்டு’ எதுகையாகாது. எனவே, குறியை எண்ணும் தேடல் எதுகையைத் தாராது. தமிழ் எழுத்திலக்கணத்தை உணர்ந்த தேடலே தரும்.

பேரகராதிச் சொற்களுக்கு எதுகை அடைவொன்று வகுத்தல் இன்று அரிய செயலன்று. அதனைச் சூடாமணியின் பதினோராம் தொகுதியோடும் தொடையகராதியோடும் ஒப்பிட்டால், பழம்புலவர் கைக்கொண்ட சொற்கள் எவை, கைவிட்டவை எவை என்பன புலனாகும். பெருமண்டூர், மேல்சித்தாமூர்ப் பகுதியில் எஞ்சியுள்ள நிகண்டுச் சுவடிகளை அச்சுப் பதிப்புகளோடு ஒத்துப் பார்த்தலும் உடன் செய்தற்குரியது; பாட்டுகளின் வரிசையில் சுவடிகள் ஒன்றுபடுமாயின், மேற்காட்டிய கருத்து மேலும் உறுதிபெறும்; வேறுபடுமாயின், அவ்வரிசை பின்னோர் செயலோ என்பது ஆராயத்தகும்.