சீன இடைநிலைப்பள்ளி மாணவர்களின் ஆங்கிலக் கருத்துணர்தல் ஆயத்தம்: பெக்கோக் வட்டாரம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சீனத் தொடக்கப்பள்ளியில் பயின்று இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர்களை ஆங்கிலப் பனுவல்களைத் தாமே வாசித்துப் பொருளுணரத் தகுதிப்படுத்தும் பயிற்சியே இக்கட்டுரையின் பொருள். மலேசியத் தமிழில் இப்பாடப்பகுதிக்குக் கருத்துணர்தல் என்று பெயர். பெக்கோக் போன்ற உள்நாட்டுச் சிற்றூரில் இது தேர்வுத்தாளோடு முடியும் சங்கதி அன்று. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இன் ஆங்கிலத் தாள், சிங்கப்பூரில் வேலை, பல்கலைக்கழக நுழைவு ஆகிய மூன்றும் இந்த ஒரு திறனையே நம்பி இருக்கின்றன.

ஊரும் மாணவரும்

பெக்கோக், சிகாமட் மாவட்டத்தில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையோரம் அமைந்த சிறு பட்டணம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்தது. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் சிலாய் வாயிலுக்குச் செல்வோர் இவ்வழியே போவர். மலாயா அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் சீனர்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பெக்கோக், சாஆ, லாபிஸ் வட்டாரத்துச் சீனக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. தோட்டங்களில் தமிழர்களும், காட்டோரக் கிராமங்களில் ஜக்கூன் பூர்வகுடியினரும் வாழ்கிறார்கள்.

இங்கே வளரும் சீன மாணவனின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், வீட்டில் மாண்டரின் அல்லது வட்டாரச் சீனமொழி, கடையிலும் அரசு அலுவலகத்திலும் மலாய், கைப்பேசியில் சீனமொழிக் காணொளி என்று பொழுது போய்விடுகிறது. ஆங்கிலம் பாடவேளையில் மட்டுமே வருகிறது. கோலாலம்பூரிலோ ஜொகூர் பாருவிலோ பெருங்கடைப் பலகைகளும் திரையரங்கும் சக மாணவர்களின் பேச்சும் தாமாகவே தரும் ஆங்கிலம் இவனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நகர மாணவனுக்காக எழுதப்பட்ட பயிற்சிநூலை அப்படியே இவன் கையில் கொடுப்பது பயன் தருவதில்லை.

கல்விமொழியின் பாதை

1961-ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம் சீன இடைநிலைப்பள்ளிகளுக்கு இரண்டு வழிகளையே விட்டது. அரசு மானியம் பெற வேண்டுமானால் சீனத்தை விட்டு ஆங்கிலவழிக்கு மாற வேண்டும். மாற விரும்பாதவை சொந்தப் பணத்தில் தனியார் பள்ளிகளாக நடக்க வேண்டும். மாறியவற்றுள் சிகாமட்டின் செக் ஹுவா பள்ளியும் ஒன்று. மாறாதவையே இன்று சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகள் எனப்படுகின்றன. ஜொகூர் பாருவின் பூன் இயூ, குளுவாங்கின் சொங் ஹுவா, யொங் பெங் இடைநிலைப்பள்ளி ஆகியன இவ்வகையின. நாடெங்கும் இத்தகைய பள்ளிகள் சுமார் 60 உள்ளன. இவற்றின் பொதுத்தேர்வான யு.இ.சி. 1975-இல் தொடங்கியது.

ஆங்கிலவழிப் பள்ளிகளும் 1970 முதல் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1982 அளவில் மாற்றம் நிறைவுற்றது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003-இல் வந்து, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. இருமொழித் திட்டம் என்ற பெயரில் அது 2016-இல் விருப்பத்தேர்வாகத் திரும்பியது. ஒரே குடும்பத்தில் பாட்டனார் ஆங்கிலவழியிலும், தகப்பனார் மலாய்வழியிலும், பிள்ளை பாதி ஆங்கிலத்திலும் அறிவியல் படித்திருப்பது இதனால்தான். கொள்கை இப்படி மாறும்போது, வீட்டில் ஆங்கிலப் புத்தகம் சேர்வதும் படிக்கும் பழக்கம் தலைமுறை தாண்டி வருவதும் அறுந்துபோகின்றன. இந்த இழப்பைத் தேர்வு முடிவுகள் காட்டுவதில்லை.

இந்த இழப்போடு பாடநேரக் குறைவும் சேர்கிறது. 2011-இல் வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், முதல் மூன்றாண்டுகளில் தேசியப் பள்ளிக்கு வாரம் 300 நிமிடம் ஆங்கிலம் ஒதுக்கப்பட்டது; சீன, தமிழ்ப் பள்ளிகளுக்கு 150 நிமிடம். தாய்மொழிக்கும் மலாய்க்கும் இடம் தர வேண்டியிருந்ததால் இந்த வேறுபாடு. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்தில் எல்லாரும் ஒரே பாடநூலைத் திறக்கிறார்கள். ஆனால் சிலர் பாதி நேரமே படித்துவிட்டு வந்து அதைத் திறக்கிறார்கள். மலாய்மொழி போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு முதலாம் படிவத்துக்கு வருவார்கள். அந்த ஓராண்டை ஆங்கில வாசிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளும் பள்ளி புத்திசாலித்தனமான பள்ளி.

தேர்வுத்தாள்

எஸ்.பி.எம். ஆங்கிலம் (குறியீடு 1119) 2021 தேர்விலிருந்து ஐரோப்பியப் பொதுச் சட்டகமான சி.இ.எப்.ஆர். அளவுகோலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. 2015–2025 ஆங்கிலக் கல்விச் சீர்திருத்த வழித்தடம் இதற்கு அடிப்படை. முதல் தாள் வாசிப்புக்கும் மொழிப்பயன்பாட்டுக்கும் உரியது. ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள், ஐந்து பகுதிகள். முதற்பகுதியில் அறிவிப்பு, குறுஞ்செய்தி போன்ற சிறு பனுவல்கள். இரண்டாவதில் இடைவெளி நிரப்பும் பத்தி. மூன்றாவதில் நீண்ட பனுவலும் எட்டுக் கேள்விகளும். நான்காவதில், பனுவலிலிருந்து எடுத்துவிட்ட வாக்கியங்களை உரிய இடத்தில் திரும்பப் பொருத்த வேண்டும். ஆறு இடங்கள், தேவைக்கு மேல் சில வாக்கியங்கள். ஐந்தாவதில் பல சிறு பனுவல்களைக் கேள்விகளோடு பொருத்தித் தகவலை எடுத்தெழுத வேண்டும்.

மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் நான்காம் பகுதி. மற்ற பகுதிகள் பலவற்றில் கேள்வியில் உள்ள சொல்லைப் பனுவலில் தேடிக் கண்டுபிடித்தாலே ஓரளவு தப்பிவிடலாம். இங்கே அது பலிக்காது. முந்தைய வாக்கியம் எதைச் சொன்னது, ‘இது’, ‘அவர்கள்’, ‘ஆயினும்’ என்பவை எதைச் சுட்டுகின்றன என்பதைப் பின்தொடர்ந்தால்தான் விடை கிடைக்கும். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவிலும் இதையொத்த பகுதி உண்டு. ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைப் பொருத்த வேண்டும். அங்கே 150 மதிப்பெண் ஆங்கிலத் தாளில் வாசிப்புக்கு 50. சீனாவில் இப்பகுதிக்கென வெளிவந்துள்ள பயிற்சி உத்திகளை மலேசிய ஆசிரியர்கள் தாராளமாக எடுத்தாளலாம்; பனுவல்களை மட்டும் உள்ளூருக்கேற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பாடநூல்கள் அப்படி உள்ளூருக்கேற்பப் பனுவல்களைத் தேர்ந்துகொள்ளவில்லை. புதிய அளவுகோலோடு வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பதிப்புகள்: முதல் இரு படிவங்களுக்குப் பல்ஸ் 2, மூன்றாம் படிவத்துக்குக் குளோஸ்-அப், நான்காம் படிவத்துக்குப் புல் பிளாஸ்ட் பிளஸ் 4, ஐந்தாம் படிவத்துக்கு இங்கிலிஷ் டவுன்லோட். ஐரோப்பிய இளைஞர்களின் விடுமுறையும் பொழுதுபோக்கும் நிறைந்த பனுவல்கள் இவை. செம்பனைத் தோட்டத்தருகே வாழும் மாணவன் மொழியோடு போராடுவது போதாதென்று, தான் பார்த்தறியாத வாழ்க்கையையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எண்டாவ் ரொம்பின் காட்டைப் பற்றியோ சிங்கப்பூர்ப் பயணத்தைப் பற்றியோ அதே கடினநிலையில் ஒரு பனுவலைக் கொடுத்துப் பாருங்கள்; அவனுடைய உண்மையான வாசிப்புத்திறன் அப்போது தெரியவரும்.

சீனமொழி வாசகனுக்கு எது கடினம்

பலரும் முதலில் சொல்வது சொற்பஞ்சம். அது உண்மை. மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, செய்தித்தாளையோ நாவலையோ துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டுமென்று கணக்கிட்டது. பனுவலில் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். சிற்றூர் மாணவனுக்கு ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள் புதியவையாக இருக்கும்போது, ‘சூழலைக் கொண்டு பொருளை ஊகி’ என்று சொல்வது அநியாயம். ஊகிக்கச் சூழலே அவனிடம் இல்லை.

ஆனால் சொற்களெல்லாம் தெரிந்த வாக்கியத்திலும் சீன மாணவர்கள் வழுக்குகிறார்கள். இதற்குக் காரணம் தொடரமைப்பில் இருக்கிறது. தமிழ் வாசகர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். ‘சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் நேற்று அனுப்பிய கடிதம்’ என்கிறோம். மாண்டரினிலும் ஏறத்தாழ இதே வரிசைதான்: விளக்கமெல்லாம் முன்னே, பெயர்ச்சொல் கடைசியில். ஆங்கிலம் இதைத் தலைகீழாக்குகிறது. கடிதம் முதலில் வரும்; நேற்று அனுப்பியது அடுத்து; அனுப்பியவர் யார், எங்கே வேலை செய்கிறார் என்பதெல்லாம் பின்னால் தொடரும். தமிழ் மாணவனுக்கு வினை கடைசியில் வரும் பழக்கம் இருப்பதால், ஆங்கில வாக்கியம் தொடக்கத்திலிருந்தே வேறு ஒழுங்கு என்ற எச்சரிக்கை இருக்கிறது. சீனமோ எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே மாணவன் நம்பிக்கையோடு இடமிருந்து வலமாகப் போய், பெயர்ச்சொல்லுக்குப் பின்வரும் நீண்ட விளக்கத்தில் சிக்கிக்கொள்கிறான். விளக்கத்திலுள்ள வினையையே தலைமை வினையென்று எடுத்துக்கொண்டு, யார் எதைச் செய்தார் என்பதை மாற்றிப் புரிந்துகொள்கிறான்.

காலம் காட்டும் வினைவிகுதி மாண்டரினில் இல்லை. நேற்று, ஏற்கெனவே போன்ற சொற்களும் சில இடைச்சொற்களும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் வினையின் வடிவம் மட்டுமே ‘முன்பே நடந்து முடிந்தது’ என்று சொல்லும்போது, நிகழ்ச்சிகளின் வரிசை கலைந்துபோகிறது. ‘ஆனாலும்’, ‘ஆகையால்’ போன்ற தொடர்புகளைச் சீனம் பெரும்பாலும் இணைச்சொற்களாக இரண்டு பக்கமும் வைத்துக் காட்டும். ஆங்கிலம் ஒன்றையே வைக்கும். சிலவேளை அதையும் பத்தி நடுவில் ஒளித்துவைக்கும். ஆசிரியரின் கருத்து எது, அவர் மறுக்கும் கருத்து எது என்ற கேள்வியில் மதிப்பெண் குறைவதற்கு இது முக்கியக் காரணம்.

எழுத்துமுறையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. வாங், கோடா, பெர்பெட்டி ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சொல்லை அடையாளங்காணும்போது சீன மாணவர்கள் எழுத்துவடிவத்தையும், கொரிய மாணவர்கள் ஒலியையும் கூடுதலாக நம்புவது தெரியவந்தது. மலேசியச் சீனருக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. இவர்கள் சீன ஒலிகளை உரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யின் வழியாகவும் மலாய் வழியாகவும் இளமையிலேயே உரோமன் எழுத்துக்கு ஒலி கொடுக்கப் பழகியவர்கள். மலாயில் எழுத்துக்கூட்டல் ஒழுங்கானது, ஆங்கிலத்தில் அப்படியில்லை. எனவே இவர்களின் சிக்கல் எழுத்துக்கு ஒலியே தெரியாமை அன்று, ஆங்கில எழுத்தை மலாய் ஒலியில் வாசித்துவிட்டுத் தெரிந்த சொல்லையும் அடையாளங்காணாமல் போவது. ஆசிரியர் உரக்க வாசித்துக்காட்டுவதைப் பெரிய வகுப்புகளிலும் விட்டுவிடாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஆயத்த முறைகள்

வட்டாரத்தில் பரவலாக உள்ள முறை, கடந்த ஆண்டுகளின் தாள்களையும் பயிற்சிநூல்களையும் முடிப்பது. மாலை டியூஷன் வகுப்புகளும் பெரும்பாலும் இதையே செய்கின்றன. கேள்வியை முதலில் படி, முக்கியச் சொல்லுக்குக் கோடிடு, பனுவலில் அச்சொல்லைத் தேடு என்ற உத்தி தேர்வறையில் கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கேள்வியமைப்போர் பனுவலில் உள்ள சொல்லையே தவறான விடையிலும் வைப்பார்கள். அந்த வலையில் முதலில் விழுவது இப்படிப் பழக்கப்பட்ட மாணவனே. ஐந்தாம் படிவத்தின் கடைசி மாதங்களுக்கு இந்தப் பயிற்சி தேவை. முதலாம் படிவத்திலிருந்தே இதை நடத்துவது, வாசிக்கக் கற்றிருக்கக்கூடிய நான்கு ஆண்டுகளைப் பறித்துக்கொள்வதாகும்.

கூடுதல் பயன் தரும் வழி விரிவான வாசிப்பு. இதற்கு வலுவான சான்று பிஜித் தீவுகளிலிருந்து வருகிறது. எல்லி, மங்குபாய் ஆகிய ஆய்வாளர் இருவரும் அங்கே கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் 4, 5-ஆம் வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்தார்கள். 1983-இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான பாடத்திட்டத்தின்படி பயின்ற வகுப்புகளைவிட இவ்வகுப்புகள் வாசிப்பில் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறின. வீட்டில் வேறு மொழி, ஊரில் ஆங்கிலப் புத்தகங்கள் குறைவு என்ற நிலையிலிருந்த பிள்ளைகள் அவர்கள். பெக்கோக்கின் நிலையோடு இதைவிட நெருங்கிய ஒப்பீடு கிடைப்பது அரிது. வகுப்பின் மூலையில் ஓர் அலமாரி, மாணவனின் நிலைக்குச் சற்றுக் கீழே உள்ள எளிய பதிப்புக் கதைகள், வாரத்தில் ஒரு பாடவேளை பேச்சில்லாத வாசிப்பு: இதற்கு ஆகும் செலவு ஒரு மாணவனின் ஓராண்டு டியூஷன் கட்டணத்தைத் தாண்டாது.

வகுப்பறையில் மாணவர்கள் கூடிச் செய்யும் முறைகளுள் பாலின்க்சரும் பிரவுனும் 1984-இல் விளக்கிய பரிமாற்றக் கற்பித்தல் குறிப்பிடத்தக்கது. ஒரு பத்தியை வாசித்ததும் மாணவர்கள் முறைவைத்து ஆசிரியராகிறார்கள். சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து வருவதை ஊகிப்பது என்பன அவர்கள் வேலை. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆங்கிலத்தில் வாய்திறக்கத் தயங்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், இந்தப் பேச்சை மாண்டரினிலும் மலாயிலும் நடத்த அனுமதிப்பது நல்லது. இங்கே சோதிக்கப்படுவது வாசிப்பு. விவாதமொழி ஆங்கிலமாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் புரிதலை மறைத்துவிடுகிறது.

தொடரமைப்புக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நீண்ட வாக்கியத்தின் தலைமை வினைக்கு வட்டமிட்டு, பெயர்ச்சொல்லுக்குப் பின்வரும் விளக்கத்தை அடைப்புக்குள் இட்டு, அதையே சீன வரிசையில் திருப்பிச் சொல்லவைப்பது எளிய வழி. நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களில் தமிழர் பலர். பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னே வைத்துப் பேசும் மொழியில் வளர்ந்தவர்கள் என்பதால், சீன மாணவன் எந்த இடத்தில் திரும்பிப் பார்க்கிறான் என்பதை இவர்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். ஆசிரியர் பயிற்சியில் இந்த அனுகூலத்துக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவம் வழியாகவோ மெட்ரிகுலேஷன் வழியாகவோ அரசுப் பல்கலைக்கழகம் செல்வோர் எம்.யு.இ.டி. ஆங்கிலத் தேர்வை எழுத வேண்டும். அதன் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள். பனுவல்கள் நீளும், கருத்துகள் மோதும், நேரம் மட்டும் குறையும். யு.இ.சி. எழுதி வெளிநாடு செல்வோரையும் இதே வகை வாசிப்பு எதிர்கொள்கிறது. ஆகவே ஐந்தாம் படிவத்தில் ‘ஏ’ பெற்ற மாணவனின் கையிலும் அவனுக்குப் பிடித்த ஓர் ஆங்கிலப் புத்தகம் இருக்கவேண்டும். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள் அதற்கு ஏற்ற காலம்.